நாலு விரற்கடை: உக்ரைனுக்காக விலக்கிய சுங்க வரியும், எல்லையில் இறங்கிய தானியமும்

2022 மாசி மாதம். காரைக்குடியில் நான் கணக்கு எழுதும் எண்ணெய் மண்டியில் கல்யாணச் சீசனுக்கு முன்னால் எப்போதும் ஒரு பரபரப்பு இருக்கும். பலகாரம் போடுகிற ஆச்சிமார், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள், மெஸ் நடத்துபவர்கள் எல்லோரும் பங்குனிக்கு வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். 15 கிலோ டின் இன்ன விலை என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டால், பிறகு ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு பேச்சுதான். பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அந்த வாரமே எங்களுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி, பேசிய விலைக்குச் சூரியகாந்தி எண்ணெய் தர முடியாது என்று போனில் சொல்லிவிட்டார். கடைக் கரும்பலகையில் காலையில் எழுதிய விலையை மதியத்துக்குள் துடைத்து வேறு எழுதினோம். முன்பணம் கொடுத்தவர்களுக்கு என் முதலாளி கைநஷ்டப்பட்டுக் கொடுத்தார்.

"சண்டை எங்கேயோ நடக்குது, தேன்குழல் இங்கே வேகுது. ரெண்டுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்று கேட்டார், கோட்டையூரிலிருந்து வரும் பலகார ஆச்சி ஒருவர்.

சம்பந்தம் இருந்தது. உலகச் சந்தைக்கு அப்போது வந்த சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழப் பாதி உக்ரைனுடையது. போருக்கு முன் இந்தியா வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பத்துக்கு ஏழு பங்கு அங்கிருந்துதான் வந்தது. மீதியில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து. ஆச்சிக்கு இதைச் சொன்னேன். ஆனால் அவர் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படிக்கத் தொடங்கியபோது, விலையைவிடப் பெரிய கணக்கு ஒன்று கண்ணில் பட்டது. அடிபட்டுக்கிடக்கும் நாட்டின் சரக்குக்கு மற்ற நாடுகள் தங்கள் சுங்கத்தை விலக்கிவைத்த கணக்கு அது. பணமாகவோ ஆயுதமாகவோ கொடுக்காமல், "உன் சரக்கைக் கொண்டுவந்து விற்றுக்கொள்" என்று வாசலைத் திறந்துவிடும் உதவி. வியாபாரம் செய்து பிழைக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு இதைவிட மரியாதையான உதவி இருக்க முடியாது என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வாசல் வழியாக வந்த சரக்கு யார் வீட்டு முற்றத்தில் இறங்கியது என்பதைப் பார்க்காமல் விட்டால், கணக்கில் ஒரு பக்கத்தைத்தான் எழுதியதாக ஆகும்.

எதை எடுத்தார்கள்

உக்ரைனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வணிக ஒப்பந்தம் முன்பே உண்டு. 2014-ல் கையெழுத்தாகி, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பொருட்களுக்குப் பெரும்பாலும் வரி போய்விட்டது. பிடி முழுவதும் வேளாண் பொருட்களில் இருந்தது. இத்தனை டன் வரை வரியில்லை, அதைத் தாண்டினால் முழு வரி என்று முப்பதுக்கும் மேற்பட்ட பொருட்களுக்கு ஆண்டு ஒதுக்கீடு வைத்திருந்தார்கள். கோதுமைக்குச் சுமார் 10 லட்சம் டன். சர்க்கரைக்குச் சுமார் 20,000 டன்தான். தேனுக்கு 6,000 டன்; அது ஜனவரியிலேயே தீர்ந்துபோவது வாடிக்கையாக இருந்தது. மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே ரேஷன் கடையில் பருப்பு தீர்ந்துவிடுவதுபோல, ஆண்டின் மீதிக் காலம் முழுவதும் உக்ரைன் தேன் வியாபாரி வரி கட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

போர் தொடங்கி இரண்டே மாதத்தில், ஏப்ரல் 27 அன்று, இதையெல்லாம் ஓராண்டுக்கு விலக்கிவைக்கலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. ஜூன் 4 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. மீதமிருந்த தொழிற்பொருள் வரி, வேளாண் ஒதுக்கீடுகள், சில காய்கனிகளுக்கு இருந்த குறைந்தபட்ச நுழைவு விலை, அடிமாட்டு விலைக்குச் சரக்கைக் கொட்டுவதைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, உருக்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு நடவடிக்கை எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. பிரிட்டன் அதற்கு முன்பே, ஏப்ரல் 25 அன்று, உக்ரைன் பொருட்களுக்கு வரியும் ஒதுக்கீடும் இல்லை என்று அறிவித்திருந்தது. அமெரிக்கா உக்ரைன் உருக்கின் மீதிருந்த 25 சதவீத வரியை ஓராண்டுக்கு நிறுத்தியது. கனடாவும் ஜூன் மாதம் வரியை விலக்கியது.

முன்மொழிவுக்கும் நடைமுறைக்கும் இடையே 38 நாள். இந்த வேகத்தின் அருமை இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். 2010-ல் பாகிஸ்தானில் சிந்து நதி பெருகி நாட்டையே மூழ்கடித்தபோது, அந்த நாட்டின் 75 பொருட்களுக்குத் தற்காலிகமாக வரியை விலக்குவதாக இதே ஐரோப்பிய ஒன்றியம் சொன்னது. பெரும்பாலும் துணிவகைகள். உலக வர்த்தக அமைப்பில் மற்ற நாடுகள் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஆட்சேபித்தவர்களில் நம் இந்தியாவும் உண்டு. சம்மதம் வாங்கி, சட்டமாக்கி, நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பரில். வெள்ளம் வடிந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் நாடு அன்று தடுத்து நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது. உதவி சரியான நேரத்தில் வருவதற்கு மனம் மட்டும் போதாது, தயாராக இருக்கும் ஒப்பந்தம் ஒன்றும் வேண்டும் என்பதை இந்த இரண்டு நிகழ்வும் சேர்ந்து காட்டுகின்றன. உக்ரைனுக்கு அது இருந்தது. பாகிஸ்தானுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உக்ரைனுக்குக் கொடுத்த விலக்கு நிபந்தனையற்றதாக இருக்கவில்லை. சரக்கு உக்ரைனில் விளைந்ததாக அல்லது தயாரானதாக இருக்க வேண்டும். உக்ரைன் தன் பக்கத்தில் புதிய தடைகள் போடக்கூடாது. சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை ஆகியவற்றைக் காக்க வேண்டும். மீறினால் விலக்கைத் திரும்பப் பெறலாம்.

85 மில்லிமீட்டர்

வரி போய்விட்டது. சரக்கு எப்படிப் போகும்?

போருக்கு முன் உக்ரைனின் தானிய ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு கருங்கடல் துறைமுகங்கள் வழியாகப் போனது. ஒடேசாவும் அதன் பக்கத்துத் துறைமுகங்களும் கண்ணிவெடிக்கும் ரஷ்யக் கடற்படைக்கும் நடுவே மூடிக்கிடந்தன. 2022 மே மாதம் சுமார் 2 கோடி டன் தானியம் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருந்தது. அடுத்த அறுவடை ஜூலையில். பழைய தானியம் கிடங்கைவிட்டு நகராவிட்டால் புதிய தானியத்தைக் கொட்ட இடமில்லை. எனவே ரயில், லாரி, டான்யூப் நதி ஆகியவற்றின் வழியே சரக்கை மேற்கே எடுத்துப்போகும் 'ஒற்றுமைப் பாதைகள்' திட்டத்தை மே 12 அன்று ஆணையம் அறிவித்தது.

இங்கேதான் அந்த நாலு விரற்கடை வருகிறது. உக்ரைன் ரயில் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர். போலந்திலும் ருமேனியாவிலும் 1,435. வித்தியாசம் 85 மில்லிமீட்டர். கட்டைவிரலை மடக்கி மற்ற நாலு விரலையும் சேர்த்துத் தண்டவாளத்தின் மேல் வைத்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த இடைவெளிக்காக எல்லையில் ஒவ்வொரு வண்டியையும் தூக்கிச் சக்கரத்தை மாற்ற வேண்டும், அல்லது தானியத்தை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொட்ட வேண்டும்.

காரைக்குடிக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் திருவாரூர் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதையாக மாறும்வரை எத்தனை ஆண்டுகள் ரயில் இல்லாமல் கிடந்தது என்பது இந்தப் பக்கத்து வியாபாரிகள் எல்லோருக்கும் மனப்பாடம். அகலம் மாறும் ஜங்ஷனில் சரக்கை இறக்கி ஏற்றும்போது ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் நனையும், ஒரு நாள் போகும். கூலி இரண்டு தடவை. என் அப்பச்சி கடலைப்பயறு வியாபாரத்தில் இருந்த காலத்தில், "தூரம் காசு தின்னாது, மாத்தி ஏத்துறதுதான் திங்கும்" என்பார்.

கப்பலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 50,000 டன் ஏற்றும் கப்பல் ஒன்றின் சரக்கை 25 டன் லாரிகளில் கொண்டுபோனால் 2,000 லாரி. எல்லை தாண்டும் லாரிகளுக்கு இரு நாடும் கொடுக்கும் அனுமதிச் சீட்டுக்கு முன்பு எண்ணிக்கை வரம்பு இருந்தது. 2022 ஜூன் 29 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் உக்ரைனும் செய்த ஒப்பந்தம் அதையும் விலக்கியது. அதுவும் ஒரு வணிகத் தடைதான். வரியைப்போல அது யார் கண்ணிலும் உடனே படவில்லை. ஆனால் பின்னால் எரிந்த நெருப்பில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

தானியம் இறங்கிய ஊர்

திட்டத்தின்படி தானியம் போலந்தையும் ருமேனியாவையும் கடந்து, துறைமுகம் போய், ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கப்பலேற வேண்டும். கணிசமான பங்கு போகவும் செய்தது. ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா துறைமுகம் பெரும்பாடுபட்டது. ஆனால் எல்லையில் ஒரு தடவை மாற்றி ஏற்றி, துறைமுகத்தில் இன்னொரு தடவை கட்டணம் கொடுத்து, நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரி வாடகையும் கொடுத்தால் வியாபாரிக்கு என்ன மிஞ்சும்? எல்லைக்குப் பக்கத்திலேயே தீவன ஆலையும் மாவு மில்லும் வாங்கத் தயாராக இருந்தால் அங்கேயே விற்றுவிடுவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்படி நின்றுபோன சரக்கு கிழக்குப் போலந்து விவசாயியின் கிடங்குக்குப் பக்கத்தில் நின்றது. 2022 வசந்தத்தில் உலக விலை உச்சத்தில் இருந்தபோது இன்னும் ஏறும் என்று பிடித்துவைத்தவர்கள் பலர்; விலை விழாது, பொறுங்கள் என்று அரசுத் தரப்பிலும் நம்பிக்கை சொல்லப்பட்டது. 2023 தொடக்கத்தில் உலக விலையே இறங்கியது. உள்ளூரில் அதற்குமேல் இறங்கியது. உரம் வாங்கியதோ உச்ச விலையில்.

போலந்தை இங்கே கல்நெஞ்சக்காரராகக் காட்டுவது பெரிய அநியாயம். போர் தொடங்கிய வாரங்களில் எல்லையில் நின்று குழந்தைகளையும் முதியவர்களையும் தங்கள் வீட்டுக்குள் அழைத்துப்போனவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளுக்கு அந்த நாடு இடம் கொடுத்தது. அதே மக்கள்தான் ஓராண்டு கழித்து அதே எல்லையை டிராக்டர் வைத்து மறித்தார்கள். இந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

2023 ஏப்ரல் 5 அன்று போலந்து வேளாண் அமைச்சர் ஹென்றிக் கோவால்சிக் பதவி விலகினார். ஏப்ரல் 15 அன்று போலந்து உக்ரைன் தானியத்துக்குத் தடை போட்டது. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, பல்கேரியா தொடர்ந்தன. ஒன்றியத்துக்குள் தனி நாடு ஒன்று தானாக வணிகத் தடை போட உரிமை கிடையாது. ஆனாலும் ஆணையம் இறங்கிவந்தது. மே 2 அன்று, கோதுமை, மக்காச்சோளம், கடுகுவகை ராப் வித்து, சூரியகாந்தி வித்து ஆகிய நாலும் இந்த நான்கு நாடுகளிலும் ருமேனியாவிலும் விற்கப்படாமல் கடந்துபோக மட்டும் செய்யலாம் என்று விதித்தது. ஐந்து நாட்டு விவசாயிகளுக்கு 10 கோடி யூரோ உதவியும் வந்தது. செப்டம்பர் 15-ல் அந்த ஏற்பாடு முடிந்ததும் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூன்றும் தங்கள் தடையைத் தொடர்ந்தன. செப்டம்பர் 18 அன்று உக்ரைன் உலக வர்த்தக அமைப்பில் அந்த மூன்று நாடுகள்மீதும் புகார் கொடுத்தது. தன்னைத் தாங்கிய கையின்மீதே வழக்கு.

நவம்பர் 6 அன்று போலந்து லாரிக்காரர்கள் எல்லைச் சாவடிகளை மறித்தார்கள். அனுமதிச் சீட்டு வரம்பு போனதால் குறைந்த வாடகைக்கு ஓடும் உக்ரைன் லாரிகள் தங்கள் பிழைப்பைக் கெடுப்பதாகச் சொன்னார்கள். கிலோமீட்டர் கணக்கில் வரிசை. அந்த மாதக் குளிரில், வரிசையில் காத்திருந்த உக்ரைன் ஓட்டுநர்கள் இருவர் இறந்துபோனார்கள். 2024 பிப்ரவரியில், எல்லை ரயில் வண்டிகளின் அடிக்கதவைத் திறந்துவிட்டு, யாரோ தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள். படத்தில் பார்த்தேன். ஜல்லிக் கற்களுக்கு நடுவே மஞ்சளாகக் குவிந்து கிடந்தது. அரிசி ஒன்று தரையில் சிந்தினாலும் கண்ணில் ஒற்றி எடுக்கும் அப்பத்தாவிடம் வளர்ந்தவன் நான். அந்தப் படத்தை அன்று திரும்பப் பார்க்க முடியவில்லை.

வரியா, கடலா?

"வரியை எடுத்தார்கள், சரக்கு வெள்ளமாக வந்துவிட்டது" என்றுதான் இதைப் பலரும் சொல்லுகிறார்கள். பொருள் பொருளாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கதை பாதிக்குமேல் நிற்காது.

தடை விதித்த நாலு பொருளை எடுங்கள். சூரியகாந்தி வித்துக்கும் ராப் வித்துக்கும் ஐரோப்பாவில் அப்போது எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இறக்குமதி வரியே கிடையாது. போருக்கு முன்பும் இல்லை. மக்காச்சோளத்தின் வரி உலக விலையைப் பொறுத்து மாறுவது. விலை உயர்ந்திருந்த அந்தக் காலத்தில் அது பூஜ்யம். ஆக, 2022 ஜூன் 4 அன்று இந்த மூன்றுக்கும் உண்மையில் எதுவும் மாறவில்லை. கோதுமைக்கு மட்டும்தான் மாற்றம். ஒதுக்கீட்டைத் தாண்டிய நடுத்தர, குறைதரக் கோதுமைக்கு டன்னுக்கு 95 யூரோ வரி இருந்தது, அது போனது.

அப்படியானால் மக்காச்சோளமும் வித்தும் ஏன் குவிந்தன? கடல் மூடியது. அதுதான் காரணம். வழக்கமாக எகிப்துக்கோ சீனாவுக்கோ கப்பலில் போயிருக்க வேண்டிய சரக்கு, வேறு வழியில்லாமல் அயல்வீட்டுக்குள் வந்தது. இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. ஐநாவும் துருக்கியும் நடுவில் நின்று 2022 ஜூலை 22 அன்று ஏற்படுத்திய கருங்கடல் தானிய ஏற்பாட்டில் சுமார் 3.3 கோடி டன் வெளியேறியது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா அதிலிருந்து விலகியது. ஆகஸ்டில் உக்ரைன் தானே ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டிக் கடற்பாதை ஒன்றைத் திறந்தது. அந்தப் பாதை நிலைபெற்ற பிறகு தானியம் மறுபடி கப்பலேறியது. நில எல்லையின் நெரிசல் தளர்ந்தது. வரிவிலக்கு அப்படியே இருந்தது. மாறியது பாதை.

சர்க்கரை, கோழி, முட்டை ஆகியவற்றின் கதை வேறு. அவற்றில் வரிவிலக்கின் கை நிச்சயமாக உண்டு. 20,000 டன் ஒதுக்கீடு இருந்த சர்க்கரை லட்சக்கணக்கான டன்னாகப் போனது. இங்கே ஐரோப்பியப் பண்ணைக்காரரின் முறையீடு நியாயமானது. கோழியில் பெரும் பயன் அடைந்தவை பெரிய நிறுவனங்கள் என்ற குறையும் பொய்யல்ல. இரண்டு முறையீட்டையும் ஒரே மூட்டையில் கட்டியதால், எதற்கு என்ன மருந்து என்பது நெடுநாள் குழம்பியது. பாதை இல்லாத நோய்க்குத் தடை என்ற மருந்தைக் கொடுத்தார்கள்.

தவணை

வட்டிக்கடைத் தொழிலில் தவணை என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. பணம் கொடுப்பவனுக்கு அது காவல். வாங்கியவனுக்கு ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும் நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போகும்.

உக்ரைனின் விலக்கும் ஓராண்டுத் தவணையாகவே ஓடியது. 2023 ஜூன் 6 முதல் ஓராண்டு. 2024 ஜூன் 6 முதல் இன்னோர் ஆண்டு, இந்தத் தடவை ஒரு தடுப்புக் கட்டையோடு: கோழி, முட்டை, சர்க்கரை, ஓட்ஸ், மக்காச்சோளம், உமி நீக்கிய தானியக் குருணை, தேன் ஆகிய ஏழும் 2021-ன் பிற்பாதி, 2022, 2023 ஆகியவற்றின் சராசரியைத் தாண்டினால் பழைய ஒதுக்கீடு தானாகத் திரும்பும். அந்த மாதமே ஓட்ஸ் தாண்டியது. ஜூலையில் முட்டையும் சர்க்கரையும். ஆகஸ்டில் தேன்.

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். தவணை ஒவ்வொரு முறையும் ஜூன் 5-ல் முடிந்தது. உக்ரைனில் குளிர்காலக் கோதுமையை விதைப்பது செப்டம்பர், அக்டோபரில். அறுப்பது ஜூலை வாக்கில். அதாவது விதைக்கும்போது அடுத்த தவணை உண்டா என்று தெரியாது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் விலக்கு காலாவதியாகும். ஷெல் விழும் வயலில் கண்ணிவெடியை விலக்கி விதைக்கிறவனுக்கு, விற்கும் நாளில் வரி உண்டா இல்லையா என்பதைக்கூட உறுதியாகச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. பிரிட்டன் 2024-ல் கோழி, முட்டை தவிர ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் விலக்கை 2029 வரை ஐந்தாண்டு நீட்டியது. தூரத்தில் இருப்பவர்களுக்கு அது எளிது. போலந்தைப்போல அவர்கள் எல்லையில் லாரி நிற்பதில்லை. இருந்தாலும் விதைப்பவனுக்கு வேண்டியது அந்த மாதிரி உறுதிதான்.

1943

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் படிக்கும்போது பர்மா நினைவுக்கு வராமல் இருக்காது. எங்கள் வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு. விசேஷத்துக்கு வைக்கும் கவுனி அரிசி அங்கிருந்து வந்த அரிசி. என் ஐயா பர்மாவின் ஐராவதி டெல்டாப் பக்கம் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். 1930-களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலத்தையும் சேர்த்து, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சலும் அதில் உண்டு என்பதை ஐயா மறைத்ததில்லை. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஐயா நடந்தே திரும்பினார்.

அவர் நடந்து வந்த கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அரிசியின் கதை அவ்வளவு தெரியாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேலாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரேயடியாக நின்றது. இந்திய மாகாணங்கள் ஒவ்வொன்றும் தன் தானியம் வெளியே போகாமல் வேலி போட்டன. வங்காளம் பசியில் விழுந்தது. 1943 மே மாதம் மத்திய அரசு அந்த வேலிகளைத் தற்காலிகமாக எடுத்து, வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் நான்குக்கும் இடையே அரிசி தடையின்றிப் போகலாம் என்று அறிவித்தது. வங்காளத்து வியாபாரிகள் பணத்தோடு பீகாருக்கும் ஒரிசாவுக்கும் போனார்கள். வங்காளத்தில் விலை கொஞ்சநாள் தணிந்தது. பக்கத்து மாகாணங்களில் தாவி ஏறியது. அந்த மாகாணங்கள் எதிர்த்தன. சில மாதங்களில் திட்டமே கைவிடப்பட்டது. வங்காளத்தில் லட்சோபலட்சம் பேர் செத்தார்கள்.

திசை தலைகீழ்: அங்கே வேலியை எடுத்ததும் தானியம் வெளியேறி அயலானுக்கு விலை ஏறியது, இங்கே தானியம் உள்ளே வந்து அயலானுக்கு விலை விழுந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் துன்பப்பட்டவனுக்குத் திறந்த வாசலின் செலவை, தூரத்தில் முடிவெடுத்தவர்கள் ஏற்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவன் ஏற்றான். அவன் முறுக்கிக்கொண்டதும் வாசல் மூடியது.

நாம் எடுத்த வரி

2022 மே 24 அன்று இந்தியாவும் ஒரு வரியை எடுத்தது. சுத்திகரிக்காத சூரியகாந்தி எண்ணெயும் சோயா எண்ணெயும் ஆண்டுக்குத் தலா 20 லட்சம் டன் வரை சுங்கமும் மேல்வரியும் இல்லாமல் வரலாம் என்ற அறிவிப்பு. இந்தியா அப்போது ஓராண்டில் இறக்கிய சூரியகாந்தி எண்ணெய் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தச் செய்தி வந்த அன்று மண்டியில் ஒரு பெருமூச்சு. இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திவைத்து, முந்தைய நாள்தான் திறந்திருந்தது. சூரியகாந்திக்குப் பதில் பாமாயில் என்று மாறியவர்கள் அந்த நாலு வாரமும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் இது வேறு வகை விலக்கு. போரால் அடிபட்ட நாட்டுக்காக எடுத்தது அல்ல. போரால் நம் அடுப்புக்கு வந்த இடைஞ்சலுக்காக எடுத்தது. எந்த நாட்டு எண்ணெய் என்று அது கேட்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்தியாவுக்கு அதிகச் சூரியகாந்தி எண்ணெய் தருவது ரஷ்யாவாக ஆனது. அதே மே மாதம் 13-ஆம் தேதி நாம் கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தோம். கருங்கடல் ஏற்பாடு முறிந்த மூன்றாம் நாள், 2023 ஜூலை 20 அன்று, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும் தடுத்தோம். நம் பசியை முதலில் பார்ப்பது தப்பில்லை. வங்காளத்தைப் பார்த்த நாடு இது. ஆனால் போர்க்காலத்தில் ஒரு நாடு சுங்கத்தைத் தொட்டாலே உதவி என்று எழுதிவிடக்கூடாது. யாருக்காக என்ற பத்தி பேரேட்டில் தனியாக இருக்க வேண்டும்.

ஐந்தொகை

வரவுப் பக்கம். ஐரோப்பா வாசலைத் திறந்திராவிட்டால் 2022 கோடையில் உக்ரைன் விவசாயிக்குக் கையில் காசு வந்திருக்காது. அடுத்த விதைப்புக்கு விதையும் டீசலும் வாங்கியிருக்க முடியாது. போர் நடத்தும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ரத்தம்போல. அதன் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் ஐரோப்பா வாங்கியது. இது சிறிய உதவி அல்ல. செய்தது சரி என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பற்றுப் பக்கம். எல்லையோர விவசாயிக்கான பணம் நெருப்புப் பிடித்த பிறகு வந்தது. வரிவிலக்குச் சட்டத்தோடு கூடவே, கடந்துபோக வேண்டிய சரக்குக்கு முத்திரையும், துறைமுகம் வரை வாடகைக்கு மானியமும் முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால், எல்லை மில்லில் விற்பதைவிடக் கப்பலேற்றுவது வியாபாரிக்கு லாபமாக இருந்திருக்கும். தடை தேவைப்பட்டிருக்காது. லாரி அனுமதியை விலக்கியபோதும் அப்படித்தான். இரு பக்க ஓட்டுநர்களுக்கும் வாடகை எவ்வளவுக்குக் கீழே விழக்கூடும் என்பதை யாரும் முதலில் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை.

2025 ஜூன் 5 அன்று தற்காலிக விலக்கு முடிந்தது. ஜூன் 30 அன்று புதிய உடன்பாடு பேசி முடித்தார்கள். அக்டோபர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கீடு திரும்பிவிட்டது, பழைய அளவைவிடப் பெரிதாக: கோதுமை 13 லட்சம் டன், சர்க்கரை 1 லட்சம் டன், தேன் 35,000 டன், கோழி 1,20,000 டன். உக்ரைன் தன் வேளாண் விதிகளை 2028-க்குள் ஐரோப்பிய விதிகளோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தவணை இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி அம்சம்தான்.

கோட்டையூர் ஆச்சி இந்தப் பங்குனிக்கும் வந்திருந்தார். இப்போதெல்லாம் விலைக்கு முன்னால், "எந்த நாட்டு எண்ணெய் தம்பி?" என்று கேட்கிறார். டின்னைத் திருப்பிக் காட்டினேன். சுத்திகரித்த ஊர் அச்சடித்திருக்கிறது. வித்து விளைந்த ஊர் இல்லை. சிறிது நேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், மனகோலத்துக்கு மட்டும் சூரியகாந்தி இரண்டு டின் போடச் சொன்னார். தேன்குழலுக்கும் சீப்புச் சீடைக்கும் கடலை எண்ணெய். சிட்டையில் அப்படியே எழுதிக்கொண்டேன்.